பத்து வயதில் ஒரு பரீட்சை

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறவர்கள் இறம்பொடையைக் கடந்தே செல்ல வேண்டும். 109 மீற்றர் உயரமான நீர்வீழ்ச்சி, கீழே கொத்மலை நீர்த்தேக்கம், மலைமேல் அனுமார் கோயில், சுற்றிலும் தேயிலை. வாகனங்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அந்தப் படங்களுக்குள் லயக் குடியிருப்புகள் அநேகமாக வருவதில்லை. பள்ளிக்கூடங்கள் வருவதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே சென்றபோது ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம். கடைக்கு எதிரே, மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு பதாகை கட்டப்பட்டிருந்தது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய நான்கு பிள்ளைகளின் படங்கள். கழுத்துப்பட்டி, எண்ணெய் வைத்து வாரிய தலை, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகங்கள். படத்துக்குக் கீழே ஒவ்வொருவரும் எடுத்த புள்ளி.

கடையில் இருந்த முதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று அறிமுகமானார்.

"இந்த முறை நல்ல பெறுபேறு போலிருக்கிறதே" என்றேன்.

"நாலு பிள்ளைகள் சேர். சந்தோஷம்தான்."

"எத்தனை பேர் எழுதினார்கள்?"

அவர் தேநீரை ஒருமுறை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "அதை யாரும் பதாகையில் போடுவதில்லை சேர்."

பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகளாகப் பரீட்சைப் பெறுபேறுகளைச் செய்தியாக்கி வந்தவன் நான். முதலிடம் பெற்ற பிள்ளையின் படத்தை முதற்பக்கத்தில் இட்டிருக்கிறோம். பெற்றோரின் பேட்டியை உள்ளே இட்டிருக்கிறோம். எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்களில் வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பதாகையைப் போலவே நாங்களும் எழுதியதில்லை. இக்கட்டுரைக்கு அந்த முதியவரின் பதிலே காரணம்.

பத்து வயது என்ற எல்லை

மலைநாட்டில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்டன. புசல்லாவையில் உள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் டி வோம்ஸ் சகோதரர்கள் 1840களின் தொடக்கத்திலேயே தேயிலையை நட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் அதனை வணிகப் பயிராக்கியது 1867இல். தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி என்பது அக்காலத்தில் எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. 1854இல் தொடங்கப்பட்ட 'தமிழ்க் கூலி மிஷன்' மதப்பணியோடு சில பள்ளிகளையும் நடத்தியது. மற்ற இடங்களில் எழுத்தறிந்த ஒரு தொழிலாளியோ கங்காணியோ லயத்துத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்து, வேலைக்கு முன்னோ பின்னோ அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். 'லயப் பள்ளிக்கூடம்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் 1869இல் நிறுவப்பட்டது. பள்ளிகளுக்கு மானியம் வழங்க அது கையாண்ட முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1862இல் ராபர்ட் லோ என்பவர் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு பிள்ளையின் வரவுக்கு 4 ஷில்லிங்கும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங்கும் பள்ளிக்குக் கிடைக்கும். ஒரு பாடத்தில் தவறினால் அதற்குரிய பங்கு வெட்டப்படும். பரிசோதகர் வரும் நாளே பள்ளியின் அறுவடை நாள். வாசகப் புத்தகத்தை மனப்பாடம் செய்வித்து, தலைகீழாகப் பிடித்தாலும் ஒப்புவிக்கும் பிள்ளைகளை உருவாக்கினார்கள் என்ற குறை இங்கிலாந்திலேயே எழுந்தது. தாமே பரிசோதகராக இருந்த கவிஞர் மத்யூ ஆர்னல்ட் இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். 'பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு' என்ற அந்த முறைதான் இலங்கையின் மானியப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. பிள்ளை எதை அறிந்தது என்பதைக் காட்டிலும், பிள்ளை எவ்வளவு சம்பாதித்துத் தந்தது என்பதே அங்கே அளக்கப்பட்டது.

தோட்டப் பிள்ளைகளின் கல்வி சட்டத்தின் கண்ணில் தெளிவாகப் பட்டது 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தில்தான். 6 வயதுக்கும் 10 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பு தோட்டத் துரைமீது சுமத்தப்பட்டது. ஏன் 10 வயது? விடையை 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தில் காணலாம். 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தோட்டத்தில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது அச்சட்டம். அதாவது 10 வயதானால் வைக்கலாம். 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பளம், உயரமான மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம்.

இந்த இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு தோட்டப் பிள்ளையின் வாழ்க்கை வரைபடம் கிடைத்துவிடும். பத்தாவது பிறந்தநாளோடு பள்ளிக்கூடத்தின் கடமை முடிகிறது. அடுத்த நாள் காலை பிரட்டுக் களத்தில் பெயர் பதியப்படுகிறது. அதன் பிறகும் பிள்ளையைப் படிக்க வைக்க விரும்பிய தாய், நாளொன்றுக்கு 32 சதத்தை இழக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். அவளுடைய சம்பளத்தில் அது முக்கால் பங்கு.

கன்னங்கராவின் ஏணி

இலங்கையின் முதலாவது கல்வி அமைச்சராக 1931 முதல் 1947 வரை இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா பெரிய காரியம் செய்தவர். அதில் ஐயமில்லை. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரத்து ஆங்கிலக் கல்லூரிகளுக்கு நிகராகக் கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்து, கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்து, விடுதி வசதியோடு அக்கல்லூரிகளில் சேர்த்தார்கள். இன்றைய புலமைப்பரிசில் பரீட்சையின் வேர் இதுவே. குடியானவரின் மகன் டொக்டரானதும், மீனவரின் மகள் ஆசிரியையானதும் இந்த ஏணியில் ஏறித்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் இங்கிலாந்தில் 11 வயதுப் பிள்ளைகளைப் பரீட்சையால் பிரித்து வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்பும் முறை பரவியது. 1965க்குப் பின் அந்நாடு பெரும்பாலான பகுதிகளில் அதனைக் கைவிட்டது. இலங்கை தன் பரீட்சையைக் கைவிடவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அதன் பாரம் கூடியது.

மலையகத்துக்கு இந்த ஏணி என்ன செய்தது? ஏணியின் முதற்படி ஐந்தாம் வகுப்பில் இருந்தது. பெரும்பாலான தோட்டப் பள்ளிகளோ ஒரே மண்டபத்தில், ஓராசிரியரோடு, கீழ் வகுப்புகளை மட்டுமே நடத்தின. பரீட்சை எழுத வேண்டிய வயதும் கொழுந்துக் கூடை சுமக்கும் வயதும் ஒன்றாகவே இருந்தன. இலவசக் கல்வித் திட்டத்தின் கீழ் நாட்டுப் பள்ளிகள் வளர்ந்தபோது, தோட்டப் பள்ளி துரையின் பராமரிப்பிலேயே விடப்பட்டது. தோட்டங்களில் அரசாங்கப் பள்ளிகளை ஏற்படுத்த 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிவகுத்தது. ஆனால் அரசு பொறுப்பேற்றவை மிகச் சிலவே.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்காளர்களை இல்லாதாக்கின. 1952 தேர்தலில் அம்மக்களால் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. வாக்கு இல்லாத இடத்துக்கு வீதி வராது என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடமும் வராது என்பதற்கு மலையகம் சாட்சி. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று முடிவாகியது. எந்த நாட்டில் வாழப் போகிறோம் என்று தெரியாத குடும்பத்திடம் பிள்ளையின் ஐந்தாம் வகுப்பைப் பற்றி யார் பேசுவது?

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதனைத் தொடர்ந்தே தோட்டப் பள்ளிகள் படிப்படியாகக் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. 1980ஐ அண்மித்து அப்பணி பெரும்பாலும் முடிந்தது. நாட்டின் மற்றப் பிள்ளைகள் 1945இல் நுழைந்த வாசலுக்குத் தோட்டப் பிள்ளைகள் ஒரு தலைமுறை கடந்து வந்து சேர்ந்தார்கள்.

கட்டடம் வந்தது, வாசலும் வந்தது

அதன் பின்னர் நடந்த முன்னேற்றத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. சுவீடன் அரசின் உதவியால் 1980களில் தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் ஆசிரியர்களாயினர். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு லயத்தில் பிறந்த ஆசிரியை கற்பிக்கும் காலம் வந்தது. ஆயினும் அந்த ஆசிரியர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் அளவிலான ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களின் மாதக் கொடுப்பனவு தொடக்கத்தில் 6,000 ரூபா, பின்னர் 10,000 ரூபா. ஒரு பிள்ளையின் அத்திவாரத்தை இடுகிறவருக்கு நாடு கொடுத்த விலை அது.

பள்ளிகள் பெருகின, ஆனால் உயர்ந்த படிக்கட்டுகள் பெருகவில்லை. இலங்கைப் பாடசாலைகள் வகைப்படுத்தப்பட்டவை. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் உள்ளவை 1ஏபி, கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி, சாதாரண தரம் வரை உள்ளவை 2ஆம் வகை, ஆரம்ப வகுப்புகளைக் கொண்டவை 3ஆம் வகை. தோட்டப்புறப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைகளைச் சேர்ந்தவை. டொக்டராகவோ பொறியியலாளராகவோ வர விரும்பும் பிள்ளை ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போக வேண்டும். அந்தப் பள்ளிகளில் ஆறாம் ஆண்டில் நுழைவதற்கான கதவு புலமைப்பரிசில் பரீட்சை. ஆகவேதான் இறம்பொடையில் பதாகை கட்டுகிறார்கள்.

இந்தப் பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். 70 எடுத்தால் சித்தி. ஆனால் நல்ல பாடசாலைக்கும் உதவிப்பணத்துக்கும் வழிவிடும் வெட்டுப்புள்ளி அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மொழிக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ப அது மாறும். நாடெங்கும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஆறில் ஒரு பங்கு அளவே. உதவிப்பணமோ வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும். நீண்ட காலம் சில நூறு ரூபாவாக இருந்த மாதக் கொடுப்பனவை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஏழைப் பிள்ளைக்குக் கைகொடுக்க வந்த பரீட்சைக்கு ஆயத்தம் செய்ய, அந்த ஏழைக் குடும்பம் மூன்றாம் நான்காம் ஆண்டு முதலே பிரத்தியேக வகுப்புக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் கொடுக்கும் பணம் இதனிலும் அதிகம்.

"கெட்டிக்காரப் பிள்ளைகளை அஞ்சாம் ஆண்டோடு அனுப்பிவிடுகிறோம் சேர். மிச்சம் இருக்கிறவர்களை வைத்துத்தான் ஆறாம் ஆண்டு. அதில் சில பேருக்கு ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ள ஏலாது. ஆனால் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்று பெயர். நாலு பேர் பாஸ் அல்லவா" என்றார் அந்த முதியவர்.

நான்கு பிள்ளைகள் ஏறிப் போகிறார்கள். அவர்களோடு, தங்கள் பள்ளியைப் பற்றிக் கேள்வி கேட்கக்கூடிய பெற்றோரின் கவனமும் வெளியேறிவிடுகிறது. பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தரப்படுத்தலும் தரமும்

'தரப்படுத்தல்' என்ற சொல் ஈழத்தமிழருக்கு ஆறாத வடு. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாகப் புள்ளிகள் மாற்றப்பட்டதும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்ததும் யாழ்ப்பாண இளைஞரிடையே எழுப்பிய கொதிப்பு இந்நாட்டின் வரலாற்றையே திருப்பியது. பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாக நுவரெலியாவும் ஒதுக்கீடு பெற்றது. காகிதத்தில் அது மலையகத்துக்கு ஒரு வாய்ப்பு. ஆனால் உயர்தர வகுப்பே இல்லாத மலைகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு யார் போவது? மேல்மாடியில் கதவைத் திறந்து வைத்தார்கள். படிக்கட்டு கீழ்மாடியிலேயே முறிந்து கிடந்தது.

தரப்படுத்தலைப் பற்றி நாம் பேசியதில் பத்தில் ஒரு பங்குகூடத் தரத்தைப் பற்றிப் பேசியதில்லை. இரண்டும் வேறு. ஒரு பரீட்சை பிள்ளைகளை வரிசைப்படுத்தலாம். பள்ளி தன் கடமையைச் செய்ததா என்பதையும் அளக்கலாம். ஒரே பரீட்சையால் இரண்டையும் செய்ய இயலாது. புலமைப்பரிசில் பரீட்சை முதல் வேலைக்கு ஆனது. இரண்டாவது வேலைக்கு இலங்கை முயன்றதும் உண்டு. 1998இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் அத்தியாவசியத் தேர்ச்சிகளை வகுத்தது. ஒவ்வொரு முக்கிய நிலையின் முடிவிலும் எல்லாப் பிள்ளைகளும் அவற்றை அடைந்தார்களா என்று வகுப்பாசிரியரே பார்க்க வேண்டும் என்றது. 2003இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் நான்காம் ஆண்டு மாணவரிடையே நாடளாவிய மாதிரிச் சோதனை ஒன்றை நடத்தியது. எதிர்பார்த்த தேர்ச்சியை எட்டியவர்கள் தாய்மொழியில் 37 விழுக்காடு, கணிதத்தில் 38 விழுக்காடு, ஆங்கிலத்தில் 10 விழுக்காடு. நாடு முழுவதற்குமான கணக்கே இதுதான். கிராமப்புறப் பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார்கள்.

அந்த 37 விழுக்காடு எந்தச் சந்தியிலும் பதாகையாகத் தொங்கவில்லை. எந்த அதிபரும் அதற்காக விளக்கம் கேட்கப்படவில்லை. வெட்டுப்புள்ளியே பேச்சாக இருந்தது.

வெறும் அச்சத்தால் தரம் உயராது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 5ஆம், 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019 செப்டெம்பரில் அறிவித்தார்கள். ஏழைப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பார்கள் என்ற எதிர்ப்பு எழுந்து, 2020 பெப்ரவரியில் அதனைக் கைவிட்டார்கள். இலங்கையிலோ 2024 செப்டெம்பர் 15இல் நடந்த புலமைப்பரிசில் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. டிசம்பர் 31இல், பிள்ளைகளின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது. பத்து வயதுப் பிள்ளைகளின் வினாத்தாளுக்காக நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கூட வேண்டியிருந்தது என்றால், அத்தாளின்மீது நாம் ஏற்றி வைத்திருக்கும் பாரத்தை எண்ணிப் பாருங்கள்.

பரீட்சையை ஒழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு நல்ல பள்ளிக்குப் போக வேறு வாசல்கள் உண்டு. தோட்டப் பிள்ளைக்கு இந்த ஒரு வாசல்தான். மலையகத்தின் டொக்டர்களிலும் சட்டத்தரணிகளிலும் விரிவுரையாளர்களிலும் இவ்வாசலால் வந்தவர்கள் இருக்கிறார்கள். மாற்று வாசல் கட்டாமல் இருப்பதை மூடுவது கன்னங்கராவுக்குச் செய்யும் துரோகமாகும். ஆனால் வாசலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளும் நம்முடைய கணக்கில் வர வேண்டும். ஐந்தாம் ஆண்டை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தமிழில் ஒரு பக்கம் வாசித்து விளங்கிக்கொள்ள முடிகிறதா, கடைக் கணக்குப் பார்க்க முடிகிறதா என்று ஒவ்வொரு தோட்டப் பள்ளியிலும் கேட்க வேண்டும். முடியவில்லை என்றால் பிள்ளையைக் குறைசொல்வதை விட்டு, அங்கே ஆசிரியர் எத்தனை பேர், என்ன பயிற்சி, என்ன சம்பளம் என்று பார்க்க வேண்டும்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் பலர் மலையகப் பள்ளிகளுக்குப் பரிசுப் பணமும் புத்தகங்களும் அனுப்புவதை நான் அறிவேன். பெரும்பாலும் அப்பரிசு வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கே போகிறது. அந்தப் பிள்ளைக்கு நம் வாழ்த்துகள். அடுத்த முறை பணம் அனுப்பும்போது, இரண்டாம் ஆண்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு ஒரு வாசிப்பு வகுப்பு வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதாகை கட்ட மாட்டார்கள். இருந்தும் கேளுங்கள்.

1920இல் சட்டம் எழுதியவர்கள் பத்து வயதோடு ஒரு கோடு போட்டார்கள். பிரட்டுக் களத்தில் பிள்ளைகளின் பெயர் பதிவது எப்போதோ நின்றுவிட்டது. கோடு மட்டும் அதே வயதில் இருக்கிறது. இறம்பொடைச் சந்தியில் அன்று தொங்கிய பதாகை மழையில் நனைந்து கிழிந்திருக்கும்; புதியது வந்திருக்கும். அவ்வழியே போகிறவர்கள் நீர்வீழ்ச்சியைப் படம் எடுத்த பின், பதாகையின் முன்னாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் இருக்கும் முகங்களைப் பாருங்கள். பிறகு அருகில் இருப்பவரிடம், எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள்.